டிஸ்னி வேர்ல்டு, கிறிஸ்துமஸ் கூட்டம், முட்டிவலி அம்மா: மின் ஸ்கூட்டர் எடுக்கலாமா?

வாசல்கோலம் எழுதியது:

வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் ஆர்லாண்டோ போறோம். அம்மாவுக்கு 68 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு. பத்து நிமிஷம் நடப்பாங்க, அப்புறம் கண்ணு உட்கார இடம் தேடும். கைப்பிடி இருந்தா நாலு படி ஏறுவாங்க. அப்பாவுக்கு 72. நல்லா நடப்பார், ஆனா வீல்சேர் தள்ளச் சொல்ல எனக்கு மனசு வரலை. தங்குறது டிஸ்னி ஓட்டல்லயே, நாலு பார்க்குக்கும் (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம்) டிக்கெட் போட்டாச்சு.

பார்க்குக்குள்ள வாடகைக்குக் கிடைக்கிற மின் ஸ்கூட்டரை எடுக்கிறதா, வெளியே எடுக்கிறதா? ஸ்கூட்டர்ல போனா வரிசையில நிக்கவே வேண்டாம்னு வாட்ஸ்ஆப்புல ஒரு சித்தப்பா சொல்றார், நிஜமா? ஓட்டல் பஸ்ஸுல ஏத்த முடியுமா? அந்தக் கூட்டத்துல யார் குதிகாலாவது அடிபட்டா என்ன பண்றதுன்னுதான் பயம். அம்மா இருபது வருஷம் பாளையங்கோட்டையில டி.வி.எஸ். 50 ஓட்டினவங்க, அதனால ஓட்டுறதுல பிரச்சினை வராதுன்னு நினைக்கிறேன். சேலையைத் தவிர வேற எதுவும் உடுத்த மாட்டாங்க, அதையும் சொல்லிடறேன்.

---

மூணாம்சக்கரம் எழுதியது:

டி.வி.எஸ். 50 விஷயத்தை முதல்ல எடுத்துக்கறேன். நீங்க அதைப் பலம்னு நினைக்கிறீங்க. இந்த வண்டியில அதுதான் ஆபத்து.

மொபெட்ல பிரேக் எங்க இருக்கு? ஹேண்டில்ல, விரலால இழுக்கிற லீவர். பயந்தா கை தானா அதை இறுக்கும், மூளையைக் கேட்டுக்கிட்டு இருக்காது. மின் ஸ்கூட்டர்லயும் அதே இடத்துல, ஹேண்டிலுக்குக் கீழ, ரெண்டு பக்கமும் துடுப்பு மாதிரி ஒரு லீவர் நீட்டிக்கிட்டு இருக்கும். அது பிரேக் இல்ல, ஆக்சிலரேட்டர். பெரும்பாலான வண்டியில வலப்பக்கத்தை இழுத்தா முன்னாடி போகும், இடப்பக்கத்தை இழுத்தா பின்னாடி. விட்டா நிக்கும். பிரேக் மோட்டாரோட சேர்ந்தே இருக்கு, மின்காந்தம். லீவரை விட்டதும் மோட்டார் வேகத்தைக் குறைச்சு நிறுத்தும், பிரேக் தானா பிடிச்சுக்கும். சரிவுல நின்னாலும் உருளாது.

இப்ப ஒரு குழந்தை குறுக்க ஓடி வருதுன்னு வைங்க. மொபெட் பழகின கை லீவரை இறுக்கும். வண்டி நிக்காது, பாயும். முழு அளவு வாடகை வண்டி மட்டுமே 70 கிலோவை ஒட்டி வரும், அதோட மேல உட்கார்ந்தவங்க எடை. முன்பக்கத் தட்டு சரியா குதிகால் நரம்பு உயரத்துல இருக்கும். நீங்க பயப்படுற அடி இப்படித்தான் விழுது, வேகத்தால விழுறது குறைவு.

அதனால முதல் பாடம் ஓட்டுறது இல்ல, விடுறது. ஓட்டல் கார் நிறுத்துமிடத்துல ஆள் இல்லாத மூலையா பார்த்து, வேகக் குமிழை ஆமை படத்துக்குப் பக்கத்துல வச்சு, மூணு மீட்டர் போக விட்டு நீங்க சத்தம் கொடுக்கணும், அவங்க விரலை விரிக்கணும். இருபது தடவை. அதுக்கப்புறம்தான் வளைவு, பின்வாங்கல் எல்லாம்.

சத்தம் கொடுக்கிற வார்த்தையிலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. பதட்டத்துல நம்ம வாயில வர்றது "பிரேக்கைப் பிடிம்மா!" கேட்டதும் பிடிப்பாங்க, லீவரை. குடும்பத்துல எல்லாரும் "விடும்மா"ன்னு மட்டும் சொல்லணும், பேரப்பிள்ளைங்க வரைக்கும்.

இன்னும் மூணு விபத்து இதே லீவரால வரும்.

சாவி போட்டபடியே இறங்குறது. எழுந்திருக்கும்போது ஹேண்டிலை ஊன்றிக்கிட்டு எழுவாங்க, முட்டிவலிக்காரங்க எல்லாருமே அப்படித்தான். விரல் லீவர்ல பட்டா வண்டி கிளம்பிடும், ஆள் பாதி எழுந்த நிலையில. சாவியைத் திருப்பிட்டுத்தான் ஏறணும், இறங்கணும். ஊன்றிக்க சீட்டோட கைப்பிடி இருக்கு.

ரெண்டாவது, ஹேண்டில்ல மாட்டுற பை. பை வார் லீவரைச் சுத்தி, திருப்பத்துல இழுக்கும். முன்னாடி கூடை இருக்கு, அதுல போடுங்க.

மூணாவது, மடியில பேரக்குழந்தை. டிஸ்னி விதிப்படி ஒரு வண்டிக்கு ஒரு ஆள்தான். விதியை விடுங்க, குழந்தை கை முதல்ல போற இடம் அந்த லீவர்தான்.

சீட்டைப் பத்தி ஒண்ணு. சீட்டுக்கு அடியில ஒரு பிடி இருக்கும். அதைத் தூக்கினா சீட்டு பக்கவாட்டுல 90 டிகிரி திரும்பி "க்ளிக்"குன்னு நிக்கும். பக்கவாட்டுல உட்கார்ந்து அப்புறம் முன்னாடி திரும்பினா முட்டியை மடக்கி ஹேண்டிலுக்கு நடுவுல நுழைக்க வேண்டாம். சீட்டுத் தண்டுல துளைகள், ஒரு ஊசி. ஒரு துளை உயர்த்தி வச்சா எழுறது சுலபம். ஆனா பாதம் ரெண்டும் தட்டுல முழுசா படியணும், தொங்கக் கூடாது. வண்டி கைக்கு வந்ததும் கொண்டு வந்த ஆளையே இதைச் செய்யச் சொல்லுங்க.

---

கிசிம்மி வாசி எழுதியது:

வாடகை விஷயம். பார்க்குக்குள் தருவதை அவர்கள் ஈ.சி.வி. என்பார்கள். நாள் வாடகை 65 டாலர், திரும்பக் கிடைக்கும் முன்பணம் 20 டாலர். போவதற்கு முன் டிஸ்னி தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 450 பவுண்டு (204 கிலோ) வரை தாங்கும். மருத்துவர் சீட்டு யாரும் கேட்பதில்லை. கையால் தள்ளும் சக்கர நாற்காலி 12 டாலர்.

இதில் மூன்று சிக்கல். முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கே. நீங்கள் வரும் வாரம் ஆண்டின் உச்சக் கூட்டம், கதவு திறந்து சற்று நேரத்திலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது, வண்டி அந்தப் பார்க்கின் வாசலைத் தாண்டாது. ஒரே நாளில் வேறு பார்க் போனால் ரசீதைக் காட்டி அங்கே இன்னொன்று கேட்கலாம், இருந்தால் தருவார்கள். மூன்றாவதுதான் பலரும் கணக்கில் எடுக்காதது: அறையிலிருந்து பஸ் நிறுத்தம், இறங்கிய இடத்திலிருந்து பாதுகாப்புச் சோதனை, அதிலிருந்து வாசல். வண்டி கைக்கு வருவதற்கு முன்பே உங்கள் அம்மாவின் பத்து நிமிடம் முடிந்துவிடும். இரவு திரும்பும்போது, உடம்பு ஓய்ந்த பிறகு, அதே தூரம் மறுபடியும்.

ஆகவே வெளியே எடுங்கள். மூன்று நாளுக்கு மேல் என்றால் பணத்திலும் இதுவே மலிவு. ஒன்று மட்டும் கவனம்: 2019 நடுவிலிருந்து, டிஸ்னியோடு ஒப்பந்தம் உள்ள நிறுவனம் மட்டுமே ஓட்டலின் பெல் சர்வீஸில் (சாமான்களை வாங்கி வைக்கும் இடம்) வண்டியை விட்டுப்போகலாம். மற்றவர்கள் உங்கள் கையில் நேரில் கொடுத்து நேரில் வாங்க வேண்டும். விமானம் தாமதமானால் என்ன ஆகும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி 36 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும். வாடகை வண்டிகள் பெரும்பாலும் அதற்குள் வரும்.

சித்தப்பா சொன்னது பழைய கதை. ஸ்கூட்டர் வரிசையைத் தாண்டும் சீட்டு அல்ல. பெரும்பாலான வரிசைகள் வண்டி போகும் அகலத்தில்தான் கட்டப்பட்டிருக்கின்றன, எல்லாரோடும் அதே வரிசையில் அதே நேரம்தான். நீண்ட வரிசையில் நிற்க முடியாதவர்கள் வேறிடத்தில் காத்திருந்து வர உதவும் டி.ஏ.எஸ். என்ற மாற்று ஏற்பாடு 2024 மே மாதத்திலிருந்து ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று சுருக்கப்பட்டுவிட்டது. முட்டிவலிக்குக் கிடைக்காது. காத்திருப்பைக் குறைக்க வேண்டுமானால் எல்லாரையும் போல லைட்னிங் லேன் என்ற விரைவு வரிசையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். அந்த வரிசையில் வளைவுகளும் குறைவு, ஸ்கூட்டருக்கு நல்லது.

பஸ். ஒரு பஸ்ஸில் பொதுவாக இரண்டு வண்டிக்குத்தான் இடம். நிறுத்தத்தில் வண்டிக்காரர்களுக்குத் தனி இடம் போட்டிருப்பார்கள், அங்கே நில்லுங்கள். ஓட்டுநர் சாய்தளத்தை இறக்கி முதலில் உங்களை ஏற்றுவார். ஆனால் வண்டியை அவர் ஓட்டித் தர மாட்டார். ஏறியதும் சுவரை ஒட்டி, பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி என்று நாலைந்து முறை ஆட்ட வேண்டியிருக்கும், பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். இதற்குக் கூச்சப்பட்டு அவசரப்பட்டால்தான் கம்பியில் இடிக்கும். நிறுத்தியதும் ஓட்டுநர் வார்ப்பட்டையால் கட்டுவார், அம்மா சாதாரண இருக்கைக்கு மாறிக்கொள்ளலாம். அம்மாவுக்கு இது வரவில்லை என்றால் உங்களில் ஒருவர் ஓட்டி ஏற்றுங்கள், அவர் நடந்து ஏறட்டும். அதில் தவறில்லை.

பார்க் மூடும் நேரத்தில் அந்த இரண்டு இடம்தான் பிரச்சினை. முன்னால் மூன்று வண்டி நின்றால் நீங்கள் இரண்டாவது பஸ். முடிந்தால் ஓட்டலையே மாற்றப் பாருங்கள்: பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியரா ஆகியவற்றிலிருந்து ஸ்கைலைனர் என்ற கம்பிவட ஊர்தி எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகிறது. பெரும்பாலான நிலையங்களில் சக்கர வண்டிகளுக்குத் தனிப் பாதை, அதில் பெட்டி முழுதாக நிற்கும், பதற்றமே இல்லை. இடி மின்னல் என்றால் நிறுத்திவிடுவார்கள். மேஜிக் கிங்டம்தான் முக்கியம் என்றால் கன்டெம்ப்பரரி ஓட்டலிலிருந்து சமதளப் பாதையில் பத்து நிமிடத்தில் வாசலுக்கே ஓட்டிப் போகலாம். விலைதான் கண்ணைக் கட்டும்.

---

நாலுகால் எழுதியது:

மூணாம்சக்கரம் பேரை வச்சிருக்கிறவர் மூணு சக்கரத்தைத்தான் சொல்வார், அதுக்குள்ள நான் முந்திக்கறேன். முதல் தடவை ஓட்டுறவங்களுக்கு நாலு சக்கரம்.

மூணு சக்கர வண்டி திருப்பத்துல முன்பக்க மூலையில தாங்க ஒண்ணும் இல்லாம இருக்கு. சமதளத்துல மெதுவாத் திரும்பினா ஒண்ணும் ஆகாது. முழு வேகத்துல, மணிக்கு 8 கிலோமீட்டர் வரை போற வண்டி, சட்டுனு ஒடிச்சா உள்பக்கப் பின்சக்கரம் தூக்கும். சாய்தளத்துல குறுக்க திரும்பினாலும் அதேதான். எப்காட்ல உலக நாடுகள் பகுதி ஏரியைச் சுத்தி சுமார் 1.9 கிலோமீட்டர். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடுவுல பாலத்துல ஏறி இறங்கணும். இறக்கத்துல கூட்டம் நின்னா திரும்பி ஒதுங்கத் தோணும். திரும்பக் கூடாது. நேரா வச்சு, விட்டு, நின்னுக்கணும்.

அனிமல் கிங்டம்ல தரையே வேணும்னே மேடு பள்ளமா, காட்டுப் பாதை மாதிரி போட்டிருக்காங்க. அங்க நாலு சக்கரத்துக்கும் மூணு சக்கரத்துக்கும் வித்தியாசம் முதுகுக்குத் தெரியும்.

மேஜிக் கிங்டம் மெயின் ஸ்ட்ரீட்ல குதிரை டிராம் தண்டவாளம் ஓடுது. அதை ஒட்டி, அது போற திசையிலயே ஓட்டினா சக்கரம் பள்ளத்துல இறங்கி ஹேண்டில் கையை விட்டுத் திருகும். தாண்டணும்னா கிட்டத்தட்ட செங்குத்தாத் தாண்டணும். மழை பெஞ்ச தண்டவாளம் வழுக்கும். நடைபாதை ஓரத்துலயே போனா தாண்ட வேண்டிய வேலையே பாதி குறையும். நடைபாதை விளிம்புல ஏத்தாதீங்க, சரிவு வெட்டின இடத்தைத் தேடிப் போங்க.

---

மூணாம்சக்கரம் எழுதியது:

@நாலுகால், சாயுற கணக்கு சரி. ஆனா நாலு சக்கரம் திரும்புறதுக்கு அதிக இடம் கேட்கும். வரிசையில கொண்டை ஊசி வளைவு வந்தா மூணு சக்கரம் ஒரே வளைப்புல போகும், நாலு சக்கரம் முன்னபின்ன ஆட்டணும், பின்னாடி ஆள் நெருக்கிக்கிட்டு நிப்பாங்க. பின்வாங்கும்போது "பீப் பீப்"னு கத்தும், அதுலயே பாதிப் பேருக்குப் பதற்றம். கால் நீட்டவும் மூணு சக்கரத்துல இடம் அதிகம், முட்டி மடங்காதவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

வாசல்கோலம் அம்மாவுக்கு மட்டும்னா ஒத்துக்கறேன், நாலு சக்கரமே இருக்கட்டும். பயண ரகம் வேண்டாம். அது கார் டிக்கியில கழற்றிப் போடுறதுக்குன்னு செஞ்சது. சின்னச் சக்கரம், சின்ன பேட்டரி, மெல்லிய சீட்டு. ஓட்டல் பஸ்ஸுலயே போறவங்களுக்கு அதனால லாபம் இல்ல.

கூட்டத்துல ஓட்டுற முறை. வேகக் குமிழ் கால்வாசிக்கு மேல போகக் கூடாது. முழு வேகம்கிறது காலையில காலியான வழிக்கு. உங்க வீட்டு ஆள் ஒருத்தர் எப்பவும் வண்டிக்கு ஒரு மீட்டர் முன்னாடி, கட்டியக்காரர் மாதிரி நடக்கணும். அவர் நடந்தா கூட்டம் தானா பிரியும், யாரும் வண்டிக்கு முன்னால குறுக்க நுழைய மாட்டாங்க. வரிசையிலயும் அதேதான்: அம்மாவுக்கு முன்னாடி அப்பா நிக்கட்டும். அடிபட்டா அப்பா குதிகால்தான், ஊரான் குதிகால் இல்ல. ஹாரன் அடிக்காதீங்க, அடிச்சா முன்னாடி போறவர் நின்னு திரும்பிப் பார்ப்பார், நமக்கு வேண்டியது அதுக்கு நேர்மாறு.

நிக்கணும்னா ஓரம் கட்டிட்டு நில்லுங்க. பின்னாடி வர்றவங்க கண்ணு ஆள் தலை மட்டத்துலதான் இருக்கும், உட்கார்ந்திருக்கிறவங்க தெரிய மாட்டாங்க. வண்டிக்குப் பின்னால ஒரு கம்பியில பளிச்சுனு ஏதாவது கட்டி நிமிர்த்தி வச்சா நல்லது.

---

கல்லிடைக்குறிச்சி எழுதியது:

சேலையைப் பத்தி யாரும் பேசலையே. லீவருக்கு அடுத்தபடியா எனக்குப் பயம் அதுதான்.

உட்கார்ந்ததும் முந்தானை முதுகுப் பக்கமாத் தொங்கும். நேர் கீழே பின்சக்கரம். மொபெட்ல சேலைக்காவல் கம்பி போட்டிருப்பான், இதுல கிடையாது. வண்டி மெதுவாத்தான் போகும், ஆனா மோட்டார் இழுப்பு பலமானது, துணி சுத்த ஆரம்பிச்சா ஆளைப் பின்னாடி இழுக்கும். முந்தானையை முன்னாடி கொண்டு வந்து இடுப்புல இறுக்கமாச் செருகணும், தோள்ல ஒரு ஊக்கு, இடுப்புல ஒரு ஊக்கு. கொசுவத்தை வழக்கத்தைவிட நாலு விரல் உயர்த்திக் கட்டணும், உட்காரும்போது கரை தட்டுக்கு வெளியே வழியாம இருக்க. உட்கார்ந்த பிறகு ரெண்டு பக்கத்தையும் தொடைக்கு அடியில ஒடுக்கிவிடுங்க. நூல்சேலை நிக்கும். வழுவழு சிந்தெட்டிக் நிக்காது, அரை மணிக்கொரு தடவை சரிஞ்சு இறங்கும்.

ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் இதையெல்லாம் திரும்பச் சரிபார்க்கணும், அதுதான் தொல்லை. உள்ளே ரைடுல ஏறி இறங்குற நாளுக்காவது சுடிதார் போட ஒத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க. துப்பட்டா இல்லாம. துப்பட்டாவோடன்னா சேலையே மேல். அந்த ஊர் டிசம்பர் காலை சில நாள் நல்லா குளிரும். சால்வையைப் போர்த்திக்கிட்டா அதே கதைதான், ஸ்வெட்டர் போடுங்க.

செருப்பு வேண்டாம், பின்வார் வச்ச ஷூ. நிறுத்தக் காலை ஊன்றுற மொபெட் பழக்கமும் வரும். ஓடுற வண்டியில காலைக் கீழ வச்சா பாதம் வண்டிக்கு அடியில போகும். அதையும் கார் நிறுத்துமிடத்துலயே சொல்லிக் கொடுங்க.

---

பேட்டரி பாண்டி எழுதியது:

சார்ஜ் பத்திச் சுருக்கமா.

வாடகை வண்டி பெரும்பாலும் 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் சீல்டு லெட்-ஆசிட் பேட்டரி தொடர்ல. கம்பெனிக்காரன் சொல்ற தூரம் சமதளம், நிக்காம ஓட்டம், புது பேட்டரி கணக்கு. பார்க்ல நின்னு நின்னு கிளம்பணும், மேடு வரும், பேட்டரி பழசு. சொன்ன தூரத்துல அறுபது சதவீதம்னு மனசுல வச்சுக்கங்க. அதுவே ஒரு முழு நாளுக்கு வரும், முந்தின ராத்திரி முழுசா சார்ஜ் ஏறியிருந்தா.

இந்த "இருந்தா"வுலதான் எல்லாரும் மாட்டுறாங்க. காலியான பேட்டரி நிரம்ப 8 மணி நேரத்துக்கு மேல ஆகும். ராத்திரி பதினொன்றரைக்கு வந்து, குளிச்சு, ஒரு மணிக்கு நினைவு வந்து மாட்டினா காலையில பாதிதான். அறைக்குள்ள நுழைஞ்சதும் முதல் வேலை சார்ஜர். மாட்டினதும் சார்ஜர் விளக்கு நிறம் மாறுதான்னு பார்க்கணும். சில ஓட்டல் அறையில விளக்கு சுவிட்சோட சேர்ந்த பிளக் பாயின்ட் இருக்கும். விளக்கை அணைச்சா சார்ஜும் நிக்கும். போன் சார்ஜரை அதுல மாட்டி விளக்கை அணைச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்.

மீட்டரை நின்ன வண்டியில பார்க்காதீங்க. நிக்கும்போது முழுசாக் காட்டும். மேடு ஏறும்போது முள் எங்க விழுதுன்னு பாருங்க, அதுதான் உண்மை. மஞ்சளுக்கு வந்தா ஓட்டலுக்குத் திரும்புற தூரத்தைக் கணக்குப் போடுங்க.

வண்டி திடீர்னு ஓடலைன்னா, வாடகைக்காரனுக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி இந்த வரிசையில பாருங்க. பின்சக்கரத்துக்கு மேல இருக்கிற ஃப்ரீவீல் லீவர் (வண்டியைக் கையால தள்ள மோட்டாரை விடுவிக்கிறது) எப்படி இருக்கு? பஸ்ஸுல யாராவது தள்ளுறதுக்காக மாத்தியிருப்பாங்க. அந்த நிலையில மோட்டார் ஓடாது, பிரேக்கும் பிடிக்காது. சரிவுல அந்த லீவரைத் தொடவே கூடாது, ஆளோட உருண்டுடும். அடுத்து, சார்ஜர் வயர் இன்னும் மாட்டியிருக்கா? மாட்டியிருந்தா ஓட விடாது. அடுத்து, சாவி திருப்பும்போது ஹேண்டில் லீவர் அழுந்தியிருந்ததா? அழுந்தியிருந்தா கிளம்பக் கூடாதுன்னே வச்சிருக்கான். சாவியை அணைச்சு, கையை எடுத்துட்டு, மறுபடி போடுங்க. கடைசியா, பேட்டரி பெட்டிப் பக்கத்துல ஒரு சின்ன பட்டன் வெளியே துருத்திக்கிட்டு இருக்கான்னு பாருங்க, அது பிரேக்கர். ஒரு நிமிஷம் ஆற விட்டு அமுக்குங்க. மறுபடி மறுபடி துருத்தினா அப்ப போன் போடுங்க. வாடகை எடுக்கும்போதே, கெட்டுப்போனா மாத்து வண்டி பார்க் வாசலுக்கு வருமா, எத்தனை மணி நேரத்துலன்னு கேட்டு வச்சுக்கணும்.

மழைக்கு ஹேண்டில் தலை நனையக் கூடாது, சாவித் துளையும் மீட்டரும் அங்கதான். பெரிய பிளாஸ்டிக் பை ஒண்ணும் ரெண்டு ரப்பர் பேண்டும் கூடையில கிடக்கட்டும்.

---

வாசல்கோலம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. "பிரேக்கைப் பிடி" விஷயம் சத்தியமா யோசிக்கவே இல்லை. வெளியே நாலு சக்கரம் எடுக்கிறதுன்னு முடிவு. இன்னும் ரெண்டு மட்டும்: அம்மா எதுல எல்லாம் ஏறலாம்? ராத்திரி வாணவேடிக்கை முடிஞ்சு வெளியே வர்றதை நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

---

கிசிம்மி வாசி எழுதியது:

டிஸ்னி ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு வகை சொல்லும்: வண்டியிலேயே இருக்கலாம், ஸ்கூட்டரிலிருந்து கை நாற்காலிக்கு மாற வேண்டும், இருக்கைக்கு மாற வேண்டும், நடக்க முடிந்தவர் மட்டும். செயலியில் ரைடைத் தொட்டால் வரும். உங்கள் அம்மா நடக்கக் கூடியவர், ஆகவே கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். பார்க்க வேண்டியது முட்டியைத்தான்.

வண்டியைவிட்டு இறங்காமலே பார்க்கலாம்: கரசல் ஆஃப் ப்ராக்ரஸ், ஹால் ஆஃப் பிரசிடென்ட்ஸ், மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக், அனிமல் கிங்டத்தில் லயன் கிங் நிகழ்ச்சி, எப்காட்டில் அமெரிக்கன் அட்வெஞ்சர். மதிய வெயிலுக்கு இவற்றை ஒதுக்கி வையுங்கள்.

நகரும் நடைபாதையில் ஏறுபவைதான் சங்கடம். பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட்டில் நடைபாதை நிற்காது, ஓடும்போதே ஏற வேண்டும். பீப்பிள் மூவரிலும் ஸ்பேஸ்ஷிப் எர்த்திலும் ஓடும் பாதைதான். கைப்பிடி கேட்கிறவருக்கு இவை வேண்டாம் என்பேன். ஹான்டட் மேன்ஷனும் ஓடும் பாதைதான், ஆனால் ஊழியரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள், ஏறுவதற்கு உதவுவார்கள். படகு ரைடுகளில் தாழ்வான பெட்டிக்குள் காலை இறக்கி வைக்க வேண்டும், எழுவது அதைவிடக் கடினம். அப்பா முன்னால் இறங்கிக் கை கொடுக்கட்டும். அவதார் ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் குதிரை மேல் உட்காருவது போல, காலைப் பின்னால் வைத்து அடைக்கும். தேய்ந்த முட்டிக்கு அது ஆகாது. கிளிமஞ்சாரோ சஃபாரி மாட்டு வண்டிக் குலுக்கல், முதுகு தாங்கினால் போங்கள்.

வாணவேடிக்கைக்கும் ஊர்வலத்துக்கும் சக்கர வண்டிகளுக்கென்று தனி இடம் கயிறு கட்டி வைத்திருப்பார்கள். முன்பதிவில்லை, சீக்கிரம் நிரம்பும், உங்கள் குடும்பத்தில் ஒரு சிலரைத்தான் உடன் விடுவார்கள். மதியமே ஊழியரிடம் இடம் எது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டு வையுங்கள்.

முடிந்ததும் கிளம்பாதீர்கள். அந்த அரை மணி நேரம்தான் நாள் முழுவதிலும் மோசமானது. இருட்டு, எல்லாரும் ஒரே திசை, எல்லார் கண்ணும் போனில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டவர்கள் கீழே பார்ப்பதே இல்லை. மெயின் ஸ்ட்ரீட் கடைகள் பார்க் மூடிய பிறகும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் திறந்திருக்கும். ஓரமாக வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள். கூட்டம் வடிந்ததும் பஸ் வரிசையும் சுருங்கியிருக்கும். இல்லையென்றால் நேர்மாறாக, நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே வெளியேறி ஏரிக்கரையிலிருந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் கிளம்புவதுதான் தவறு.

---

மூணாம்சக்கரம் எழுதியது:

ஒண்ணு விட்டுப்போச்சு. ரைடு வாசல்ல ஒரே நிறத்துல, ஒரே மாடல்ல இருபது வண்டி நிக்கும். பல மாடலுக்குச் சாவியும் ஒண்ணுதான், உங்க சாவி அடுத்தவர் வண்டியில நுழையும். திருட்டைவிட ஆள் மாறி எடுத்துட்டுப் போறதுதான் அதிகம். ஹேண்டில்ல கலர் நாடா ஏதாவது கட்டுங்க (லீவர் பக்கம் தொங்காம), சாவியைக் கையோட எடுங்க, விலை உயர்ந்தது எதுவும் கூடையில வேண்டாம். நீங்க உள்ளே இருக்கும்போது ஊழியர்கள் ஒதுக்கி நிறுத்துவாங்க, விட்ட இடத்துல இல்லைன்னா பதறாம பத்து மீட்டர் சுத்திப் பாருங்க. அவங்க ஃப்ரீவீல்ல போட்டுத் தள்ளியிருந்தா லீவரைத் திருப்பிப் போட்டுட்டுத்தான் அம்மாவை ஏத்தணும்.

---

வாசல்கோலம் எழுதியது:

அந்த ஃப்ரீவீல் லீவரை அம்மாவுக்குக் காட்டணுமா, இல்ல நாங்க மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதுமா?

---

பேட்டரி பாண்டி எழுதியது:

காட்டுங்க, ஆனா தொட வேண்டாம்னு சொல்லுங்க. ஏறி உட்கார்ந்ததும் ஹேண்டில் லீவரை இழுக்கிறதுக்கு முன்னாடி, பின்னாடி நிக்கிற ஒருத்தர் வண்டியைக் கையால லேசாத் தள்ளிப் பார்க்கணும். அசையலைன்னா பிரேக் பிடிச்சிருக்கு. அசைஞ்சா அம்மா கிளம்பக் கூடாது.